என்ன பிழை என்று கேளாமல்

வேலணைத் தீவின் சாட்டியில் கடல் அமைதியானது. சிறுபிள்ளைகள்கூட இறங்கி நின்று விளையாடலாம். அந்தக் கரையில் சிந்தாத்திரை மாதா கோவில் கொண்டிருக்கிறாள். கடல்வழி போகிறவர்களுக்குத் துணை நிற்கும் தாய் என்று எங்கள் தீவு அவளை நம்புகிறது. அவள் முன்னால் முழந்தாளிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த வரம் பெரும்பாலும் ஒன்றுதான்: போனவர் திரும்பி வரவேண்டும். தொழிலுக்குப் போன கணவனோ, கொழும்புக்குப் போன மகனோ, கடல் கடந்து போன பேரனோ, யாராக இருந்தாலும் வேண்டுதல் அதுவே.

இதே வேலணைத் தீவின் வடமுனையில் ஊர்காவற்துறை இருக்கிறது. அங்கே ஒரு நீதிமன்றம். நெடுந்தீவுக் கடலில் கடற்படை பிடிக்கும் இராமேசுவரம், நாகப்பட்டினம் மீனவர்களைப் பல வேளைகளில் அந்த நீதிமன்றத்தில்தான் முற்படுத்துகிறார்கள். அங்கிருந்து அவர்கள் விளக்கமறியலுக்கு யாழ்ப்பாணச் சிறைக்குப் போகிறார்கள். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கடற்கோட்டையும் ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. 1971 கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீரவை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். இருபுறமும் கரை தெரியும், கால்வைக்க முடியாது. சிறை என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தாலே போதும்.

மாதாவின் முன்னால் நிற்கும்போது நாங்கள் கடலுக்குப் போனவரை நினைக்கிறோம். மறியலுக்குப் போனவரை நினைக்கிறோமா? அவருக்கும் ஒரு கரை இருக்கிறது. அந்தக் கரையிலும் ஒரு தாயோ பிள்ளையோ காத்து நிற்கலாம். இந்த நினைவு உள்ளே புகுந்துவிட்டால் செபம் பழையபடி இருக்காது. வாயால் சொல்வதோடு நிறுத்த மனம் ஒப்பாது. கை ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்கும். சிறையில் இருப்பவருக்கு ஒரு புத்தகம் அனுப்புவது அப்படிக் கையால் சொல்லும் ஒரு செபம். அதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்வது இன்னும் நல்லது. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மகளும் நானும் அலுமாரியைத் திறந்து புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "அப்பா, அவை என்ன பிழை செய்தவை?"

எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. கேட்பது நியாயமும்கூட. பிழை செய்தால் தண்டனை உண்டு என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். அதே பிள்ளையிடம் இப்போது, தண்டனை பெற்றவருக்குப் பரிசு அனுப்பச் சொல்கிறோம். இந்த முடிச்சை அவசரப்பட்டு அவிழ்க்கக்கூடாது. "பாவம், நிரபராதிகள்" என்று சொல்லிவிடலாம். இலங்கைச் சிறைகளில் தண்டனை விதிக்கப்பட்டவர்களைவிட விளக்கமறியலில் காத்திருப்பவர்களே அதிகம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் நிறையப் பேர். ஆகவே அந்தப் பதில் முழுப் பொய்யாகாது. ஆனால் அது முழு உண்மையும் ஆகாது. உள்ளே கொலை செய்தவரும் இருக்கிறார். ஒரு குடும்பத்தின் வாழ்வைக் குலைத்தவரும் இருக்கிறார். அவருக்கும் அந்தப் புத்தகம் போய்ச் சேரலாம்.

"அது எங்களுக்குத் தெரியாது, பிள்ளை. கேட்காமல்தான் குடுக்கிறம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

கேட்காமல் கொடுப்பதற்கு எங்கள் தீவகத்தில் மிகப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. சாட்டிக்குத் திரும்பாமல் நேரே போனால் புங்குடுதீவு. அதற்கப்பால் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் நயினாதீவு. அந்தத் தீவுதான் மணிமேகலைக் காப்பியம் சொல்லும் மணிபல்லவம் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது அங்கேதான். நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு இன்றும் அங்கே அன்னம் கிடைக்கிறது. யார், எவர் என்று கேட்பதில்லை.

பாத்திரத்தோடு புகார் நகருக்குத் திரும்பிய மணிமேகலை பசித்தவர்களுக்கெல்லாம் உணவிட்டாள். பிறகு சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து, அங்கே பசியில் வாடியவர்களுக்கும் இட்டாள். செய்தி சோழ மன்னனுக்குப் போனது. அவன் அழைத்து, வேண்டியதைக் கேள் என்றபோது, சிறைக்கோட்டத்தை அகற்றி அறவோர் வாழும் கோட்டமாக்க வேண்டும் என்று கேட்டாள். மன்னனும் இசைந்தான். காப்பியத்தின் முப்பது காதைகளில் 19ஆவது காதை இது. கைதிகள் ஒவ்வொருவரும் செய்த குற்றம் என்ன என்று அவள் விசாரித்ததாகக் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் எங்கும் சொல்லவில்லை.

இந்தக் காதையைப் படிக்கும்போதெல்லாம் மணிமேகலை யாருடைய மகள் என்பதை நினைத்துக்கொள்வேன். அவள் தந்தை கோவலன், மதுரையில் கள்வன் என்று சொல்லப்பட்டு, விசாரணையின்றி வெட்டுண்டு இறந்தவன். அவளைப் பெற்ற மாதவியோ, தன் வயிற்றில் பிறந்தவளைக் கண்ணகியின் மகள் என்றே சொன்னவள். குற்றவாளி என்ற பட்டம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அந்த வீடு அறிந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் பாத்திரத்தோடு சிறைக்குள் போகிறாள். தாயின் துறவும் தந்தையின் முடிவும் அவளுக்குள் கசப்பாகத் தேங்கவில்லை. பிறர் பசியை அறியும் கண்ணாக மாறின. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்து எதுவெல்லாமாகவோ இருக்கலாம். இப்படியும் இருக்கலாம்.

கதை அதோடு நிற்கவில்லை. அரசகுமாரன் உதயகுமாரன் கொலையுண்ட பிறகு மணிமேகலையே சிறைப்படுகிறாள். கைதிகளுக்குச் சோறிட்டவள் கைதியாகிறாள். சிறைக் கதவின் இந்தப் பக்கத்தில் நிற்பது நிரந்தரமான ஓர் உரிமை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

கிறிஸ்தவ மறையிலும் இதே வழியைக் காண்கிறோம். இறுதித் தீர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் இயேசு, பசித்தவரோடும் நோயாளியோடும் சேர்த்துச் சிறையில் இருப்பவரையும் தாமாகவே எண்ணிக்கொள்கிறார். அந்தச் சிறையாளி குற்றமற்றவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் பதவியேற்ற சில நாட்களிலேயே பெரிய வியாழனன்று உரோமையின் இளையோர் சிறை ஒன்றுக்குப் போய்க் கைதிகளின் பாதங்களைக் கழுவினார். யூபிலி ஆண்டுக்காக 2024 டிசம்பர் 26 அன்று ரெபிபியா சிறையில் புனிதக் கதவைத் திறந்தார். சிறைக்குள் போகும்போதெல்லாம், இவர்கள் இங்கே இருக்க நான் ஏன் வெளியே இருக்கிறேன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2025 ஏப்ரலில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பும், நோயுற்ற உடலோடு உரோமையின் இன்னொரு சிறைக்குப் போய் வந்தார்.

சரி, உணவு விளங்குகிறது. பாதம் கழுவுவதும் விளங்குகிறது. புத்தகம் எதற்கு?

இதற்குப் பதில் திருத்தூதர் பவுலிடம் இருக்கிறது. உரோமைச் சிறையில், தன் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்த நிலையில், அவர் திமொத்தேயுவுக்கு இரண்டாம் மடலை எழுதுகிறார். திமொத்தேயு அவர் பெற்ற மகன் இல்லை. ஆனால் அன்பு மகன் என்றே அழைக்கிறார். மடலின் இறுதியில் சில சாதாரண வேண்டுகோள்கள் வருகின்றன. துரோவா ஊரில் விட்டுவந்த மேலாடையைக் கொண்டுவரச் சொல்கிறார். குளிர்காலம் வருமுன் வரச் சொல்கிறார். அந்த மேலாடையோடு புத்தகச் சுருள்களையும், முக்கியமாகத் தோல் ஏடுகளையும் கொண்டுவரச் சொல்கிறார்.

விசுவாசத்தைப் பற்றிய பெரிய வாசகங்கள் நிறைந்த மடல் அது. எனக்கோ இந்தச் சிறிய வேண்டுகோள்தான் மனதை விட்டு அகலுவதில்லை. சாகப்போகிற மனிதன் புத்தகம் கேட்கிறான். இனி அவன் எந்தச் சோதனையும் எழுதப் போவதில்லை. எந்தப் பதவிக்கும் போகப் போவதில்லை. உடம்புக்கு ஒரு போர்வை, உள்ளத்துக்குச் சில ஏடுகள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறான். கேட்பது தன் மகனாகக் கருதியவனிடம். சிறைக்குப் புத்தகம் கொண்டுபோகும் பிள்ளைகளின் வரிசையில் திமொத்தேயு எங்களுக்கு முன்னோடி.

மறியலில் மனிதனிடமிருந்து முதலில் பறிபோவது காலத்தின் மேல் அவனுக்கிருந்த உரிமை. எப்போது எழும்புவது, எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கு அணைவது, எல்லாம் பிறர் கையில். தவணைக்கு மேல் தவணை போய்க்கொண்டிருக்கும். ஒரு புத்தகத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவன் தீர்மானிக்கிறான். சிறிய உரிமைதான். ஆனால் தான் இன்னும் ஒரு மனிதன் என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொள்ள அது உதவுகிறது. எழுத்தாளர் சிவ. ஆரூரன் பல ஆண்டுகள் சிறையில் இருந்தபடியே நாவல்கள் எழுதினார். அரச சாகித்திய விருதும் பெற்றார். அப்படி ஒருவர் எழுதவேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் வாசிக்க ஏதாவது வேண்டும். அந்த ஏதாவது, யாரோ ஒருவர் வெளியிலிருந்து கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கைதிகளுக்குப் புத்தகம் அனுப்பும் தொண்டு ஒன்று 1973இல் தொடங்கியது. தொண்டர்கள் சிறையிலிருந்து வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்து, கேட்டதைத் தேடி எடுத்து, பொதி கட்டி அனுப்புகிறார்கள். அவர்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் புத்தகம் அகராதி. முதலில் வியப்பாக இருந்தது. யோசித்தால் வியப்பில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுதவும், மனு எழுதவும், தன் வழக்கில் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளவும் சொற்கள் வேண்டும். எங்கள் நாட்டில் இதன் கனம் இன்னும் அதிகம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட தமிழர்கள், தமக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட நேர்ந்ததாகப் பல வழக்குகளில் முறையிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் கையில் ஒரு சிங்கள - தமிழ் அகராதி என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிறையில் மொழி கற்றவர் ஒருவர் எங்கள் வரலாற்றிலும் உண்டு. கத்தோலிக்கக் குருவான புனித யோசே வாஸ் 1687இல் யாழ்ப்பாணம் வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலம். வறியவர் கோலத்தில் மறைவாக வந்தார். பின்பு 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். அந்த அடைபட்ட நாட்களில் அவர் சிங்களம் கற்றார். தன்னைச் சிறைவைத்தவர்களின் மொழியைக் கற்று, பிறகு அவர்களுக்கே பணி செய்தார். கற்பதற்கு வழி இருந்தால் சிறைக்காலம் முழுவதும் வீண் போவதில்லை என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

எல்லோருக்கும் வாசிக்கத் தெரியாதே என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஊர்களில் வாசிப்பு ஒருபோதும் தனி ஒருவரின் காரியமாக இருந்ததில்லை. கோவிலில் கந்தபுராணம் ஒருவர் படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊர் இருந்து கேட்டது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் வாசிக்க, ஆலயம் நிறைந்து கேட்டது. வாசிகசாலை வாங்கில் பேப்பரை ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்தறியாத முதியவரும் உலகச் செய்தி அறிந்தார். சிறைக்கூடத்திலும் ஒருவர் வாசித்தால் நாலு பேர் கேட்கலாம். ஒரு புத்தகம் ஒரே ஆளுக்குப் போகிறது என்று எண்ணவேண்டாம்.

இப்போது மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் தமிழக மீனவர்கள் யார்? எங்கள் கடலில் இழுவைமடி இழுத்தார்கள் என்று பிடிபட்டவர்கள் அவர்களில் பலர். இழுவைப் படகு போன வழியில் எங்கள் தொழிலாளியின் வலை அறுந்து போகிறது. கடன் வாங்கிப் போட்ட வலை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் அது நிற்கவில்லை. தகப்பனின் வலை அறுந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், அந்தப் படகில் வந்தவருக்குப் புத்தகம் கொடு என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

அந்த வீட்டின் கோபம் நியாயமானது. அதை ஆன்மிகச் சொற்களால் மூடிவிடக்கூடாது. வலைக்கு நட்டஈடு வேண்டும், கடலுக்குக் காவல் வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து ஓர் அடி பின்வாங்கவும் தேவையில்லை. ஆனால் அதே மீனவனின் தாய் அக்கரையில் இன்னொரு மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறாள். போனவன் திரும்பி வரவேண்டும் என்று அதே வரத்தைக் கேட்கிறாள். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே திருப்பலியில் நிற்கிறோம். நீதி கேட்கும் கையாலேயே ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் நீட்ட முடியும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதை ஒரு பிள்ளை சிறுவயதிலேயே கண்டுகொண்டால், அதைவிடப் பெரிய ஞானப்பாடம் நாங்கள் கொடுக்கப்போவதில்லை.

கொடுக்கும் முறையிலும் ஒரு தவம் இருக்கிறது. வீட்டில் இடத்தை அடைத்துக் கிடப்பதைத் தள்ளிவிடுவது கொடை ஆகாது. பக்கம் கிழிந்தது, கறையான் அரித்தது, பழைய பாடத்திட்டக் கைந்நூல், இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகம் ஒன்றையாவது தானே தெரிவுசெய்து வைக்கட்டும். அதைப் பிரியப் பிள்ளைக்கு மனம் வலிக்கும். வலிக்கட்டும், அந்த வலிதான் கொடுத்ததன் அடையாளம். 1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்குக் கொடுத்த இனம் நாங்கள். புத்தகம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கொடுத்த பின் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பதுதான் கடைசிப் படி. சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கிறது. தீவகத்தின் பல ஊர்கள் அதைக் குடிக்கின்றன. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. அளவோடு அள்ளினால் இனிக்கும். பேராசையோடு இறைத்தால் உவர் ஏறிவிடும். கொடையும் அப்படித்தான். நன்றிக் கடிதம் வருமா, வாசித்துத் திருந்தினாரா, எங்கள் பெயரைச் சொன்னார்களா என்று மனம் இறைக்கத் தொடங்கினால் உள்ளே இருந்த இனிமை உவர்த்துப் போகும். புத்தகத்தின் முதற்பக்கத்தில் எங்கள் பெயரை எழுதாமல் விடுவது அதற்கு ஒரு நல்ல பயிற்சி. கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்குத் தெரியாது; பெற்றவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது. இருவரையும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அது போதும்.

இதற்குப் பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கு வைத்துச் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் கேட்டது. ஒவ்வொரு சிறையிலும் எல்லா வகைக் கைதிகளும் பயன்படுத்தத்தக்க நூலகம் இருக்கவேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 64ஆம் விதி சொல்கிறது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரிடம் எந்த வகைப் புத்தகம் தேவை, எதை ஏற்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அகராதி, கதைப் புத்தகம், சமய நூல், கைத்தொழில் நூல், சாதாரண தரப் பாடநூல், சித்திரக் கதைகள் எல்லாவற்றுக்கும் ஆள் இருப்பார்கள். பங்குக் கோவிலோ, சைவ மன்றமோ, ஊர் வாசிகசாலையோ ஒரு பெட்டி வைத்தால் தெரு முழுவதும் சேர்ந்துவிடும்.

இலங்கையில் செப்டெம்பர் 12 தேசிய கைதிகள் தினம். அதுவரை காத்திருக்கவேண்டாம். இந்தக் கிழமையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலுமாரியின் முன்னால் நில்லுங்கள். ஒரு நல்ல புத்தகத்தை அதன் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். என்ன பிழை செய்தவர் என்று அது கேட்டால், தெரியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். பிறகு இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.